அமெரிக்காவில் பெரும்பாலான கடை விளம்பரங்களில் ஒரு கேமராவுக்கு ஒரே விலை; அதுவும் இங்கேயைவிடக் குறைவு. ஏன்?

அங்கே 'குறைந்தபட்ச விளம்பர விலை' என்று ஒரு விதி உண்டு. தயாரிப்பாளர் குறித்த தொகைக்குக் கீழே டீலர் விளம்பரம் செய்யக்கூடாது, விற்கலாம். வேலூர் நேதாஜி மார்க்கெட்டில் பலகையில் ஒரு விலை, மூட்டையாகக் கேட்டால் காதோடு இன்னொரு விலை என்பதுபோல. அதனால்தான் நேரில் கேட்டால் சில கடைகளில் குறையும்.

அந்த அமெரிக்க விலையில் அவர்களுடைய மாநில விற்பனை வரி சேராது. நம் எம்ஆர்பியில் 18% ஜிஎஸ்டி அடக்கம். ஆகவே 1.18ஆல் வகுத்துவிட்டு ஒப்பிடுங்கள்: ரூ.1,18,000 என்றால் ரூ.1,00,000தான். உறவினர் வாங்கி வருவதானால் வாரண்டி எந்த நாட்டுக்கு என்று முதலில் பாருங்கள். பல கேமராக்களுக்கு வாங்கிய நாட்டில் மட்டுமே செல்லும். மிச்சம் பிடித்த பணம் ஒரே பழுதில் கரைந்துவிடும்.

எம்ஆர்பியை அரசு நிர்ணயிப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். கேமராவுக்கு அது தயாரிப்பாளரோ இறக்குமதியாளரோ அச்சிடும் உச்சவரம்பு, குறைத்து விற்கச் சட்டத் தடை இல்லை.