டயர் தேய்மானம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் டயர் சமாசாரம். அவற்றில் பலர் எழுதாமல் விட்டது ஒன்றே ஒன்றுதான்: தேய்ந்தது உள் ஓரமா, வெளி ஓரமா, நடுவா? 'சீக்கிரம் தேயுது, என்ன செய்ய?' என்று மட்டும் கேட்டவர்கள், குனிந்து ஒரு தடவை டயரைப் பார்த்துவிட்டுத் திரும்ப எழுதவும்.

முன் டயர் இரண்டும் நடுவில் மட்டும் தேய்ந்திருக்கின்றன. ஓரத்துப் பட்டன் புதுசு போல இருக்கிறது. (ஈரோடு)

காற்று அதிகம். 32 psi வைக்க வேண்டிய வண்டிக்கு 38, 40 ஏற்றியிருப்பீர்கள். டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஸ்டிக்கர் இருக்கும், அதுதான் அளவு. டயரின் பக்கவாட்டில் அச்சடித்திருப்பது அது தாங்கும் உச்ச அளவு. காலையில் வண்டியை எடுக்கும் முன், டயர் சூடேறாதபோது பாருங்கள்.

எனக்கு இரண்டு ஓரமும் தேய்ந்து நடு மட்டும் நிற்கிறது. நைட்ரஜன்தான் போடுகிறேன். (நாகர்கோவில்)

காற்று குறைவு. நைட்ரஜனும் இறங்கும். சாதாரணக் காற்றிலேயே முக்கால் பங்குக்கு மேல் நைட்ரஜன்தான். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கேஜ் வைத்துப் பாருங்கள், காலையில், வண்டியை எடுக்கும் முன்.

மூன்று மாதத்தில் இரண்டு முறை அலைன்மென்ட் பார்த்தாயிற்று. ஆனாலும் இடது முன் டயரின் உள் ஓரத்தில் கம்பி தெரிகிறது. வண்டி ஹேட்ச்பேக். (திருச்சி)

கம்பி தெரிகிற டயரோடு இன்னமும் ஓட்டுகிறீர்களா? முதலில் ஸ்டெப்னியை மாட்டுங்கள். அது சின்ன அளவு என்றால் 80-ஐத் தாண்டாதீர்கள்.

எத்தனை தடவை எழுதினாலும் இந்தக் கேள்வி வருகிறது. சக்கரத்தைப் பிடித்திருக்கும் இணைப்புகளில் ஆட்டம் இருக்கிற வண்டிக்கு அலைன்மென்ட், அதாவது சக்கரங்களின் கோணத்தைச் சரிபார்ப்பது, தண்டச் செலவு. மெஷின் அளப்பது நிற்கிற வண்டியை. சக்கரத்தைக் கீழிருந்து பிடிக்கும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ் கிழிந்திருந்தால், பிரேக் மிதித்ததும் ஆர்ம் பின்னால் நகரும், சக்கரத்தின் கோணம் மாறும். திரையில் எல்லாம் பச்சை. ரோட்டில் சக்கரம் வெளிப்பக்கம் விரிந்து உள் ஓரத்தை அரைக்கும். டோ, அதாவது மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவு, வெறும் 3 மி.மீ. தவறினாலே, ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் டயர் இரண்டு மூன்று மீட்டர் பக்கவாட்டில் இழுபடுகிறது.

ஆட்டம் பார்க்கப் பத்து நிமிடம் போதும். சமதளத்தில் ஹேண்ட் பிரேக் போட்டு, ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். 'கடக்' என்றால் பேரிங் அல்லது பால் ஜாயிண்ட். இரு பக்கவாட்டிலும் பிடித்து ஆட்டும்போது தெரிந்தால் ஸ்டீயரிங் இணைப்புகளான டை ராட் எண்டு அல்லது ராக் எண்டு. புஷ்ஷுக்குக் கை பத்தாது. மெக்கானிக்கை நெம்புகோல் கொடுத்து ஆர்மை நெம்பச் சொல்லி, ரப்பர் வாய் பிளக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். மாற்ற வேண்டியதை மாற்றிய பிறகுதான் அலைன்மென்ட்.

அதையும் காற்றைச் சரியாக வைத்து, டிக்கியில் மூட்டை முடிச்சு இல்லாமல் பார்க்க வேண்டும். திருத்துவதற்கு முன் இருந்த அளவு, பின் வந்த அளவு இரண்டும் உள்ள பிரிண்ட் கேளுங்கள். 'பேப்பர் தீர்ந்துபோச்சு சார்' என்றால் வேறு கடை பாருங்கள். பெரும்பாலான ஹேட்ச்பேக்கில் முன்னால் திருத்த முடிவது டோ மட்டும்தான். சேம்பர், அதாவது முன்னிருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்து நிற்கும் அளவு, ஒரு பக்கம் மட்டும் சிவப்பில் நின்றால், பள்ளத்தில் இறங்கி, சக்கரத்தைத் தாங்கும் ஸ்ட்ரட்டோ நக்கிளோ வளைந்திருக்கலாம். அதை ஜாக்கி வைத்து வளைத்தே 'சேம்பர் போட்டுத் தருகிற' ஆட்கள் இருக்கிறார்கள். வளைந்த இரும்பை மாற்ற வேண்டுமே தவிர, திரும்ப வளைக்கக் கூடாது.

டயரைத் தடவினால் ஒரு திசையில் வழவழப்பு, எதிர்த்திசையில் ரம்பம் மாதிரி. (தஞ்சாவூர்)

குறுக்கே தடவினீர்களா, சுற்றுவாக்கிலா? அதை எழுதவில்லையே. குறுக்கே என்றால் டோ கோளாறு. மேலே திருச்சிக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள். சுற்றுவாக்கில், அதுவும் பின் டயரில் என்றால், ரொட்டேஷன் செய்யாமல் ஓட்டியிருப்பீர்கள். 10,000 கி.மீ.க்கு ஒரு முறை முன் டயர்களை நேராகப் பின்னுக்கும், பின் டயர்களைக் குறுக்காக முன்னுக்கும் மாற்றுங்கள். பக்கவாட்டில் சுழலும் திசைக்கு அம்புக்குறி இருந்தால் பக்கம் மாற்றக் கூடாது.

அங்கங்கே குழி குழியாகத் தேய்ந்து, 80-ல் 'ஊ' என்று சத்தம். (ஓசூர்)

ஷாக் அப்சார்பரில் எண்ணெய்க் கசிவு பாருங்கள், பேலன்சிங்கும் பாருங்கள். சத்தம் வளைவில் ஏறி இறங்கினால் பேரிங்கையும் சந்தேகிக்க வேண்டும். ஷாக்கை மாற்றினாலும் விழுந்த குழி மறையாது. சத்தம் போகவில்லை என்று மெக்கானிக்கிடம் சண்டைக்குப் போகாதீர்கள்.

பின் டயர் ஒன்று மட்டும் உள் ஓரத்தில் தேய்கிறது. (சேலம்)

இரு பின் சக்கரங்களையும் இணைக்கும் பின் பீம் வளைந்திருக்கலாம். நான்கு சக்கரமும் அளக்கிற இடத்தில் பாருங்கள்.

இரண்டு டயர் மட்டும் வாங்கினால் முன்னால் போடுவதா, பின்னால் போடுவதா? (மதுரை)

பின்னால். ஈர ரோட்டில் முன்பக்கம் வழுக்கினால் சமாளிக்கலாம், பின்பக்கம் வழுக்கினால் வண்டி சுற்றிவிடும். வாங்கும்போது பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தைப் பாருங்கள்: 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்தது.