காலநிலை அறிவியல் படித்தால் நுனிப்புல் மேய்ந்ததாகிவிடுமா?

கேள்வி: என் மகள் இளங்கலை இயற்பியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். முதுகலையில் காலநிலை அறிவியல் படிக்க வேண்டும் என்கிறாள். அதில் வேதியியல், கடலியல், உயிரியல், பொருளியல் எல்லாம் கலந்து வருமாம். எல்லாவற்றையும் தொட்டு, எதிலும் ஊன்றாமல் போய்விடுவாளோ என்று கவலையாக இருக்கிறது.
– ஒரு வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: உங்கள் கவலையில் நியாயம் இருக்கிறது. ஒவ்வொரு துறைக்கும் சில வாரங்களை ஒதுக்கிவிட்டு, 'பல்துறைப் படிப்பு' என்று பெயர் வைத்துக்கொள்ளும் பாடத்திட்டங்களும் உண்டு. ஆனால் காலநிலை ஏன் ஒரு துறைக்குள் அடங்குவதில்லை என்பதைக் கடலூர்க்காரரான உங்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, அங்கே ஒரே நாளில் 45 செ.மீ.க்கும் அதிகமாக மழை கொட்டியது. கடலூரின் தாழ்வான பகுதிகளை மூழ்கடித்ததோ இங்கே பெய்த மழை மட்டுமன்று. கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை மாவட்டங்களில் பெய்த மழையும் தென்பெண்ணையில் திரண்டு, சாத்தனூர் அணையைக் கடந்து வந்து சேர்ந்தது. புயல் ஏன் அவ்வளவு மெதுவாக நகர்ந்தது என்பதை வளிமண்டல இயற்பியல் படித்தவர் சொல்ல வேண்டும். பெய்த மழையில் எவ்வளவு மண்ணில் இறங்கும், எவ்வளவு ஆற்றில் ஓடும் என்பது நீரியலாளரின் கணக்கு. தென்பெண்ணை கடலில் கலக்கும் தாழங்குடா முகத்துவாரத்தில் கடல்மட்டம் உயர்ந்திருந்தால் ஆற்று நீர் எவ்வளவு நேரம் வடியாமல் நிற்கும் என்பதைக் கடலியலாளர் அறிவார். அணை திறக்கும் அறிவிப்பு எத்தனை மணிக்கு எந்தத் தெருவை எட்டுகிறது, அதைக் கேட்டவர்கள் ஏன் கிளம்பினார்கள் அல்லது கிளம்பவில்லை என்பதை மக்களோடு உட்கார்ந்து பேசத் தெரிந்தவரால்தான் கண்டறிய முடியும்.

இவ்வளவையும் ஒருவரே கற்க வேண்டியதில்லை. ஒரு துறையில் வேர் பிடித்துக்கொண்டு, பக்கத்துத் துறைக்காரர் பேசுவது புரியும் அளவுக்கு மற்றவற்றைக் கற்பதே நல்ல பயிற்சி என்பது என் உறுதியான கருத்து. அந்த வேருக்கு இயற்பியலைவிட ஏற்றது குறைவு. காலநிலை ஆய்வாளர் சியுகுரோ மனாபே தம் சக ஆய்வாளருடன் 1967-இல் வெளியிட்ட ஆய்வில், தரையிலிருந்து மேலெழும் ஒரே ஒரு காற்றுத் தூணைக் கணக்கில் எடுத்துக்கொண்டு, கரியமில வாயு இரட்டிப்பானால் வெப்பநிலை ஏறத்தாழ 2 டிகிரி செல்சியஸ் உயரும் என்று காட்டினார். 2021-இல் அவருக்குக் கிடைத்த நோபல் பரிசு இயற்பியலுக்கானது.

உயிரியல் எங்கே வந்து சேர்கிறது என்று மகள் கேட்டால், மகரந்தத்தைச் சொல்லுங்கள். சதுப்பு நிலத்தில் குழாயை இறக்கி எடுத்த சேற்றை அடுக்கடுக்காக வெட்டி, மணலையும் சுண்ணாம்பையும் அமிலத்தில் கரைத்துவிட்டால், மகரந்தத் துகளின் கெட்டியான மேலுறை மட்டும் அழியாமல் மிஞ்சும். நுண்ணோக்கியின் கீழே ஒவ்வொரு துகளாக எண்ணிக்கொண்டே போகும்போது, ஓர் அடுக்கில், உப்புநீரில் வளரும் சுரபுன்னையின் மகரந்தம் திடீரென்று பெருகினால், அந்தக் காலத்தில் உப்புநீர் அங்கே ஏறியிருந்தது என்று ஊகிக்கலாம். அந்த அடுக்கின் வயதை, எஞ்சியிருக்கும் கதிரியக்கக் கரிமத்தை அளக்கும் கரிமக் காலக்கணிப்பு சொல்லும்; அதன் அடிப்படை இயற்பியல். 1955-இல் தொடங்கிய புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் மகரந்த ஆய்வுக்குப் பெயர் பெற்றது.

காலாப்பட்டில் உள்ள புதுவைப் பல்கலைக்கழகத்தில் சூழலியலும் புவி அறிவியலும் இருக்கின்றன. பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. காலநிலைக் கணிப்பு மாதிரிகளில் ஆர்வம் என்றால் பெங்களூரு இந்திய அறிவியல் கழகம், மும்பை ஐ.ஐ.டி., புணேயின் இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் ஆகியவற்றைப் பார்க்கட்டும். எங்கே சேர்ந்தாலும், விண்ணப்பிக்கும் முன் ஒன்றை விசாரிக்கச் சொல்லுங்கள்: முதுகலை ஆய்வேட்டை வேறு வேறு துறைகளைச் சேர்ந்த இரண்டு வழிகாட்டிகளின் கீழ் செய்ய இடம் தருகிறார்களா? பாடத்தாள்களின் பட்டியலைவிட இதற்கான பதிலே அந்தப் படிப்பின் தரத்தைக் காட்டும்.

கேள்வி: பொருளியல் படித்த எனக்கு இத்துறையில் இடம் உண்டா?
– ஒரு வாசகி, புதுச்சேரி

பதில்: நிச்சயமாக உண்டு. உங்கள் ஊர்க் கடற்கரையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1980-களின் பிற்பகுதியில் துறைமுகத்துக்காக அலைதடுப்புச் சுவர்கள் எழுந்தபின், தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணல் தடைப்பட்டு, வடபுற மணற்பரப்பு அரிக்கப்பட்டது. நகரத்தைக் காக்கக் கல் கொட்டினார்கள். அரிப்பு மேலும் வடக்கே, மீனவர் ஊர்களை நோக்கி நகர்ந்தது. தடைப்பட்ட மணலின் அளவைப் பொறியாளர் கணக்கிட்டுவிடுவார். படகை இழுத்து நிறுத்தவும் வலை உலர்த்தவும் கருவாடு காயவைக்கவும் இருந்த இடம் போனதால் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு எவ்வளவு இழப்பு, அதை யார் ஈடுகட்ட வேண்டும் என்ற கணக்கை நீங்கள்தான் போட வேண்டும். அதற்கு முன் புள்ளியியலை நன்றாகப் புதுப்பித்துக்கொள்ளுங்கள். செயற்கைக்கோள் படத்தில் கரையோரக் கோட்டை அளக்கவும் கற்றுக்கொள்ளுங்கள். அதற்கான மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன.