கசுஷி சகுராபா: எம்எம்ஏ களத்திலிருந்து புரோ ரெஸ்லிங் மேடைக்கு – கேள்வி பதில்

ஜப்பானிய எம்எம்ஏ (பல சண்டைக் கலைகள் கலந்த நிஜப் போட்டி) வீரர் கசுஷி சகுராபா 2012ஆம் ஆண்டு, தமது 43ஆம் வயதில், நியூ ஜப்பான் புரோ ரெஸ்லிங் நிறுவனத்தின் மேடைக்கு வந்தது பற்றி உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: பிரேசிலின் புகழ்பெற்ற சண்டைக் குடும்பமான கிரேசிகளையே வீழ்த்தியவர், முடிவை முன்கூட்டியே பேசிவைத்து ஆடும் ஆட்டத்துக்குப் போனது இறக்கம் இல்லையா, ஐயா?

பதில்: இறக்கம் என்று நினைப்பவர்கள் அவருடைய கதையை நடுவிலிருந்து படித்தவர்கள். சகுராபா புரோ ரெஸ்லிங்கில்தான் தொழிலைத் தொடங்கினார். சூவோ பல்கலைக்கழகத்தில் அமெச்சூர் மல்யுத்தம் பயின்ற அவர், 1993இல் யுடபிள்யூஎஃப் இன்டர்நேஷனல் என்ற நிறுவனத்தில் அறிமுகமானார். அங்கே ஆட்டங்களின் முடிவு முன்பே தீர்மானிக்கப்பட்டதுதான் என்றாலும், கயிற்றில் மோதித் திரும்பி ஓடிவருவது போன்ற அலங்காரங்களை ஒதுக்கிவிட்டு, உதையும் மூட்டுப் பிடியுமாக உண்மைச் சண்டையின் தோற்றத்தில் நடத்தினார்கள். பயிற்சிக்கூடத்திலோ பாசாங்கே கிடையாது. பில்லி ராபின்சன் என்ற ஆங்கிலேய ஆசான் கற்றுத்தந்த, எதிராளியைப் பூட்டிப் பணியவைக்கும் கேட்ச் மல்யுத்தப் பிடிகள்தான் பின்னாளில் சகுராபா எதிராளிகளின் கைகளை முறுக்கப் பயன்படுத்தியவை. ஆகவே 2012இல் நடந்ததை, புறப்பட்ட வீட்டுக்குத் திரும்பியதாகவே நான் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: அப்படியானால் அவர் எம்எம்ஏவுக்குப் போனதன் காரணம் என்ன?

பதில்: முக்கியமான காரணம், அவருடைய நிறுவனத்தின் மானம் போயிருந்தது. 1994 டிசம்பரில் அந்நிறுவனத்தின் யோஜி அன்ஜோ லாஸ் ஏஞ்சலிஸில் ஹிக்சன் கிரேசியின் பயிற்சிக்கூடத்துக்கே சென்று சவால்விட்டு, முகமெல்லாம் ரத்தமாகத் திரும்பினார். 1996இன் இறுதியில் நிறுவனம் மூடப்பட்டது. அடுத்த ஆண்டு அக்டோபர் 11ஆம் தேதி, டோக்கியோ டோமில் நடந்த, பிரைடு என்ற எம்எம்ஏ தொடரின் முதல் நிகழ்ச்சியில், அந்த மூடப்பட்ட நிறுவனத்தின் தலைமை நட்சத்திரமாக இருந்த நொபுஹிக்கோ தகாடாவும் ஹிக்சனிடம் எளிதில் தோற்றார். புரோ ரெஸ்லர் என்றால் நடிகர் மட்டுமே என்ற பேச்சு ஜப்பான் முழுவதும் பரவியது.

அதற்கு இரண்டு மாதம் கழித்து யோகோஹாமாவில் யுஎஃப்சி என்ற அமெரிக்க எம்எம்ஏ நிறுவனத்தின் போட்டி. எடை குறைவான சகுராபா ஹெவிவெயிட் பிரிவில் இறங்கினார். எதிராளி, பிரேசிலின் மார்கஸ் சில்வேரா. கால்களைப் பிடிக்கக் குனிந்த சகுராபாவை மயங்கி விழுந்துவிட்டதாக எண்ணி நடுவர் ஆட்டத்தை நிறுத்தினார். சகுராபா வளையத்தை விட்டு இறங்க மறுத்தார். முடிவு ரத்தாகி, அன்றிரவே இருவரும் மீண்டும் மோத, கையைப் பூட்டி வென்றார். வென்றதும் ஒலிவாங்கியைப் பிடித்து, புரோ ரெஸ்லர்கள் உண்மையிலேயே வலிமையானவர்கள் என்று அவர் சொன்னதை ஜப்பானிய ரசிகர்கள் இன்றும் நினைவுகூர்வார்கள்.

கேள்வி: கிரேசிகளுடன் மோதிய ஆட்டங்களில் ரெஸ்லிங்கின் சாயல் ஏதேனும் இருந்ததா?

பதில்: நிறையவே இருந்தது. 1999 நவம்பரில் ஹோய்லர், 2000 மே 1ஆம் தேதி ஹோய்ஸ், அதே ஆண்டிலேயே ஹென்சோ, ஹையன் என்று நால்வரை அவர் வரிசையாக வென்றார். ஹோய்ஸ் தரப்பு விதித்த நிபந்தனைகளின்படி சுற்றுகளுக்கு எல்லையும் இல்லை, நடுவர் தலையிட்டு நிறுத்தவும் முடியாது. இப்படிப்பட்ட ஆட்டத்துக்கு அவர் எப்படி நுழைந்தார் தெரியுமா? பழைய ரெஸ்லிங் பாத்திரமான ஸ்ட்ராங் மெஷின் முகமூடியை அணிந்து, அதே வேடத்தில் வேறு இருவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். மூவரில் எவர் சகுராபா என்று அரங்கம் குழம்பியது. ஆட்டத்தின் நடுவே ஹோய்ஸின் கால்சட்டையை அவிழ்ப்பதுபோல் இழுத்து, கூட்டத்தைச் சிரிக்க வைத்தார். பதினைந்து நிமிடச் சுற்றுகள் ஆறு முடிந்து, 90 நிமிடங்களுக்குப் பிறகு, உதைகளால் கால் ஓய்ந்துபோன ஹோய்ஸின் தரப்பு தோல்வியை ஒப்புக்கொண்டு துண்டை எறிந்தது. அது போட்டித் தொடரின் காலிறுதி என்பதால், அதே இரவில் இகோர் வோவ்சான்சினுடனும் ஒரு முழுச் சுற்று ஆடிவிட்டுத்தான் சகுராபா விலகினார்.

மங்கோலியன் சாப் என்ற, இரண்டு கைகளாலும் தோளில் வெட்டும் பழைய ரெஸ்லிங் அடியை உண்மைச் சண்டையில் போட்டுக் காட்டியவரும் அவர்தான். அந்த அடியால் எவரும் விழப்போவதில்லை என்பது அவருக்குத் தெரியாதா? கூட்டத்துக்காகச் செய்தார்.

கேள்வி: எம்எம்ஏ வீரருக்கு ரெஸ்லிங்கில் எது கடினம்?

பதில்: அடி வாங்குவது. எம்எம்ஏவில் எதிராளியின் ஒவ்வொரு முயற்சியையும் முறியடிப்பதுதான் திறமை. ரெஸ்லிங்கிலோ எதிராளி தூக்கும்போது உடலைக் கொடுத்து, இருவருக்கும் காயமின்றி விழுந்து, அந்த வலி கடைசி வரிசையில் இருப்பவருக்கும் தெரியும்படி செய்ய வேண்டும். இதை இளமையில் கற்காதவர்கள், எவ்வளவு பெரிய சண்டைக்காரர்களாக இருந்தாலும், மேடையில் மரம்போல் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். சகுராபாவுக்குக்கூட இது முழுமையாகக் கைவந்தது என்று சொல்ல மாட்டேன், ஏனெனில் அவர் வளர்ந்த பள்ளியிலேயே வழக்கமான தூக்கிப் போடுதல்கள் குறைவு. அவர் கொண்டுவந்தது வேறொன்று: அவர் எதிராளியின் மணிக்கட்டைப் பற்றிய கணமே, இது ஆட்டமா நிஜமா என்ற சந்தேகம் பார்ப்பவருக்கு வந்துவிடும்.

கேள்வி: நியூ ஜப்பானில் அவருடைய சிறந்த ஆட்டம் எது?

பதில்: தயங்காமல் சொல்வேன், 2013 ஜனவரி 4 அன்று டோக்கியோ டோமில் ஷின்சுகே நகமுராவுடன் இன்டர்கான்டினென்டல் பட்டத்துக்காக ஆடியதுதான். டபிள்யூடபிள்யூஇ மேடைக்கு நடனமாடிக்கொண்டே நுழையும் நகமுராவைப் பலரும் அறிவீர்கள். அவரும் எம்எம்ஏ களம் கண்டவர். 2002ஆம் ஆண்டின் கடைசி நாளில் டேனியல் கிரேசியிடம் தோற்றவர். அன்று நகமுரா தம் வழக்கமான மிதப்போடு வர, சகுராபா கையை முறுக்கும் கிமுரா பிடியையும் கழுத்து நெரிப்பையும் மாறிமாறிப் போட்டு அந்த மிதப்பை அடக்க, ஒவ்வொரு பிடியிலிருந்தும் நகமுரா மயிரிழையில் தப்புகிறார். பத்து நிமிடத்தைச் சற்றே தாண்டியதும் முழங்கால் இடியால் நகமுரா வென்றார். தோற்றவரின் மதிப்பு அன்று கூடியதே தவிரக் குறையவில்லை.

கேள்வி: அதன்பின் ஏன் அவர் பெரிய பட்டம் எதையும் அங்கே வெல்லவில்லை?

பதில்: வயது ஒரு காரணம். மற்றொன்று, அவரை எங்கே வைப்பது என்று நிறுவனத்துக்கே பிடிபடவில்லை என்பது என் கணிப்பு. 2014 ஜனவரியில் டேனியல், ரோலிஸ் கிரேசிகளை வரவழைத்து, சகுராபாவும் யூஜி நகாடாவும் அவர்களோடு மோதும் இணை ஆட்டம் வைத்தார்கள். பெயரை நம்பிப் போட்ட ஆட்டம், சுவையற்றுப் போனது.

கேள்வி: அவருடன் வந்த ஷிபாதா பற்றியும் சொல்லுங்கள். ரெஸ்லிங், எம்எம்ஏவைவிடப் பாதுகாப்பானதுதானே?

பதில்: அப்படி ஒரு நினைப்பு பரவலாக உண்டு, தவறு. கத்சுயோரி ஷிபாதா நியூ ஜப்பானில் வளர்ந்து, 2005இல் விலகி, எம்எம்ஏவில் வென்றதைவிடத் தோற்றதே அதிகமாக இருந்தவர். 2007இல் சகுராபாவிடமும் தோற்றார். 2012இல் இருவரும் சேர்ந்தே வந்தார்கள், லாஃப்டர்7 என்ற இணையாக. எம்எம்ஏவின் குத்துகளைத் தாங்கிய அந்தத் தலை, 2017 ஏப்ரலில் கசுச்சிகா ஒகாடாவுடனான ரெஸ்லிங் ஆட்டத்தில் அவரே கொடுத்த தலைமுட்டுக்குப் பின் மூளையருகே ரத்தக்கசிவு கண்டு, அவசர அறுவைச் சிகிச்சைக்குப் போனது. முடிவைத்தான் பேசிவைக்கலாம், எலும்போடு பேசிவைக்க முடியாது.

கேள்வி: பெண்களில் இப்படி எவரேனும்?

பதில்: ஷூரி. இவரும் 2008இல் ரெஸ்லிங்கில் தொடங்கி, பான்கிரேஸ் என்ற ஜப்பானிய எம்எம்ஏ நிறுவனம், யுஎஃப்சி என்று சென்று, 2020இல் ஸ்டார்டம் என்ற பெண்கள் ரெஸ்லிங் நிறுவனத்துக்கு வந்தவர். 2021 டிசம்பர் 29 அன்று உத்தாமி ஹயாஷிஷிதாவை வென்று அதன் உச்சப் பட்டத்தைப் பெற்றார். மேடை ஆட்டத்தில் சகுராபாவைவிட இவர் தேர்ந்தவர் என்றே சொல்வேன்.

கேள்வி: புதிதாகப் பார்ப்பவர் எந்த வரிசையில் பார்க்கலாம்?

பதில்: முதலில் சில்வேராவுடனான இரண்டாவது மோதல், பிறகு ஹோய்ஸ் ஆட்டத்தின் முதல் சுற்றும் கடைசிச் சுற்றும், அடுத்து நகமுரா. இவை பிடித்திருந்தால் 2015 ஜனவரி 4 அன்று மினோரு சுசுகியுடன் ஆடியதைப் பாருங்கள். பான்கிரேஸைத் தொடங்கிய இருவரில் ஒருவர் சுசுகி, வெற்றி அவருக்குத்தான்.