அம்மா மேல் பழி இல்லை, அப்பாவின் கழுத்தைக் கவனியுங்கள்

கேள்வி: அப்பாவுக்கு வயது 58. ஏழு வருடங்களுக்கு முன் அம்மாவின் சிறுநீரகத்தை எடுத்து அவருக்கு வைத்தார்கள். கை நடுங்குகிறது, முகம் உப்பியிருக்கிறது, முடி கொட்டுகிறது. முன்கையில் துடிக்கும் வீக்கம், அடிவயிற்றில் ஒரு கட்டி. ஒரு மாதமாகக் கழுத்திலும் சின்னதாக ஒன்று, வலி இல்லை. சாயங்காலம் காய்ச்சல் அடிக்கும், பெனடால் போட்டால் போய்விடும். ஆளும் இளைத்துவிட்டார். சிறுநீரக மாத்திரையால் புற்றுநோய் வரும் என்று ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு இரண்டு வாரமாக ராத்திரி மாத்திரையை விட்டுவிட்டார். தான் கொடுத்த சிறுநீரகத்தால்தான் இந்தக் கட்டியெல்லாம் என்று அம்மா அழுகிறார்.
– வாசகி, சுங்கை சிப்புட்

மருத்துவர் பதில்: இதை முதலில் உங்கள் அம்மாவுக்குப் படித்துக் காட்டுங்கள். சிறுநீரகம் மாற்றியவர்களுக்கு லிம்போமா, அதாவது நிணநீர்ப் புற்றுநோய், வந்தால்கூட அது பெரும்பாலும் அவரவருடைய சொந்த வெள்ளை அணுக்களிலிருந்து கிளம்புவதுதான். கொடுத்தவர் தலையில் அந்தப் பழி விழாது. உங்கள் அப்பாவுக்கு அந்த நோய் இருக்கிறது என்றும் நான் சொல்லவில்லை.

நீங்கள் எழுதிய பட்டியலில் பாதியை இப்போதே அடித்துவிடலாம். கை நடுக்கமும் முடி கொட்டுவதும், உடல் புதுச் சிறுநீரகத்தை எதிர்க்காமல் இருக்கக் கொடுக்கும் டாக்ரோலிமஸ் மாத்திரை செய்யும் வேலை. முகம் உப்புவது பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையால். முன்கை வீக்கம் டயாலிசிஸ் காலத்தில் போட்ட ஃபிஸ்டுலா, அதாவது இரண்டு ரத்தக் குழாய்களை இணைத்த இடம், விரல் வைத்தால் உறுமும், அது அப்படித்தான். அடிவயிற்றில் தட்டுப்படும் ‘கட்டி’ இருக்கிறதே, அநேகமாக அதுதான் உங்கள் அம்மா கொடுத்த சிறுநீரகம்! புதுச் சிறுநீரகத்தை முதுகுப் பக்கம் வைப்பதில்லை, இடுப்பெலும்பை ஒட்டி முன்பக்கம் வைப்பார்கள்.

போகிற போக்கில் ஒரு வரியில் எழுதியிருக்கிறீர்களே, அந்தக் கழுத்துக் கட்டிதான் எனக்குக் கவலை. தொண்டைப் புண், சொத்தைப் பல் என்றால் கழுத்தில் நெறி கட்டும். தொட்டால் வலிக்கும், புண் ஆறியதும் இரண்டு மூன்று வாரத்தில் வற்றிவிடும். வலியே இல்லாமல், அழுத்தினால் ரப்பர் மாதிரி இருந்துகொண்டு, ஒரு மாதமாகியும் வற்றாத கட்டி வேறு சங்கதி. அதோடு காய்ச்சலும் இளைப்பும் சேர்ந்திருக்கின்றன. ராத்திரியில் பனியன் நனைகிற அளவுக்கு வியர்க்கிறதா என்றும் அவரைக் கேளுங்கள்.

எப்ஸ்டைன்-பார் என்று ஒரு வைரஸ், 1964-ல் கண்டுபிடித்தது. பெரியவர்களில் 100-க்கு 90 பேருக்கு மேல் உடம்பில் அது சும்மா கிடக்கிறது. வெள்ளை அணுக்களில் ஒரு வகையான டி அணுக்கள் அதை அடக்கி வைத்திருக்கும். சிறுநீரகத்தைக் காப்பாற்றக் கொடுக்கும் மாத்திரை அந்த டி அணுக்களைத்தான் தளர்த்துகிறது. அப்போது வைரஸ் புகுந்த பி அணுக்கள் (இவையும் வெள்ளை அணுக்கள்தான்) சிலருக்குக் கட்டுமீறிப் பெருகி லிம்போமா ஆகிவிடும். சிறுநீரகம் மாற்றிய பெரியவர்களில் நூற்றுக்கு ஒருவர் இருவருக்கு வரும் நோய் இது. முதல் வருடத்தில் ஆபத்து அதிகம், ஆனால் பல வருடம் கழித்தும் வரும். அப்படித் தாமதமாக வருவதில் சிலவற்றில் அந்த வைரஸே இருக்காது. ஆகவே ‘ஏழு வருஷம் ஆச்சே’ என்பது சமாதானம் ஆகாது.

நம் மலேசியாவில் காசநோயும் கழுத்தில் இப்படியே கட்டும். அதே காய்ச்சல், அதே இளைப்பு. இரண்டையும் பிரித்துச் சொல்ல பயாப்சி, அதாவது கட்டியிலிருந்து சதை எடுத்துச் சோதிப்பது, வேண்டும், முடிந்தால் கட்டியை முழுதாக எடுத்துப் பார்க்க வேண்டும். கத்தி பட்டால் பரவும் என்று யாராவது கிளப்புவார்கள். பரவாது.

இனி அந்த வீடியோ. அதில் பாதி உண்மை இருப்பதுதான் தொல்லை. இந்த மருந்துகளுக்கும் லிம்போமாவுக்கும் தொடர்பு உண்டு. 1960-களின் இறுதியிலேயே டாக்டர்கள் எழுதி வைத்த விஷயம், யாரும் ஒளிக்கவில்லை. லிம்போமா என்று உறுதியானால் முதலில் செய்வதும் பெரும்பாலும் மாத்திரையைக் குறைப்பதுதான். சிலருக்கு அதிலேயே கட்டி வற்றிவிடுவதுண்டு. போதாவிட்டால் பி அணுக்களைக் குறிவைக்கும் ரிட்டுக்ஸிமாப் மருந்து, கீமோ என்று போகும். ஆனால் எந்த மாத்திரையை எவ்வளவு குறைப்பது என்பதை, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் என்ற ரத்த அளவைப் பார்த்துப் பார்த்து முடிவு செய்வார்கள். உங்கள் அப்பாவோ என்ன நோய் என்றே தெரியாமல் பாதி டோஸை விட்டிருக்கிறார். உடல் சிறுநீரகத்தை நிராகரிக்கத் தொடங்கினால் பல சமயம் வலிகூட இருக்காது, ரத்தத்தில் கிரியேட்டினின் மட்டும் ஏறும். லிம்போமாவே இல்லாத மனிதர் மறுபடி வாரம் மூன்று நாள் டயாலிசிஸில் படுத்தால் வீடியோக்காரரா வந்து பார்க்கப் போகிறார்?

நாளைக் காலை ஈப்போவில் அவர் வழக்கமாகப் போகும் சிறுநீரகக் கிளினிக்குக்கு போன் போடுங்கள். அடுத்த அப்பாய்ண்ட்மென்ட் வரை காத்திருக்காமல் இந்த வாரமே பார்க்கக் கேளுங்கள். மாத்திரையை விட்டதை மறைக்க வேண்டாம். திட்டினால் வாங்கிக்கொள்ளட்டும். திரும்ப எந்த அளவில் தொடங்குவது என்று அந்த போனிலேயே கேட்டுவிடுங்கள், விட்டதற்கு ஈடாக இரட்டிப்பாக விழுங்கக் கூடாது. போகிற அன்று காலை டாக்ரோலிமஸைக் கையில் எடுத்துப் போய், மருந்தின் அளவு பார்க்க ரத்தம் எடுத்த பிறகு போடட்டும்.

அதுவரை கட்டி வற்ற என்று எங்கேயும் ஊசி, மாத்திரை வாங்காதீர்கள். கூடுதலாக ஸ்டீராய்டு உள்ளே போனால் லிம்போமா தற்காலிகமாகச் சுருங்கி பயாப்சியையே ஏமாற்றிவிடும். கிளாரித்ரோமைசின் மாதிரி ஆன்டிபயாட்டிக்குகள் டாக்ரோலிமஸ் அளவை எகிற வைக்கும். தம்புன் பம்ளிமாஸும் அவருக்கு ஆகாது, அதே காரணம்தான். பக்கத்து ஊரில் விளைகிறதே என்றால் நான் என்ன செய்ய? சிறுநீரகத்துக்கு நல்லது என்று மிசாய் கூச்சிங் (பூனை மீசை) இலையைக் கொதிக்க வைத்துக் குடிக்கிறவர் என்றால் அதையும் நிறுத்துங்கள்.

இன்று சாயங்காலம் பெனடால் கொடுக்கும் முன் தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள். 38 டிகிரியோ அதற்கு மேலோ காட்டினால், சிறுநீர் குறைந்தால், சிறுநீரகம் வைத்த இடம் வலித்தால், மலம் கறுப்பாகப் போனால், ராத்திரி என்று பார்க்காமல் ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். சிறுநீரகம் மாற்றியவர் என்பதைக் கவுண்டரிலேயே சொல்லிவிடுங்கள்.