குக்கர் விசிலுக்கே தூக்கிவாரிப் போடுகிறது!

கேள்வி: என் கணவர் பட்டாசு ஆலையில் வேலை பார்த்தவர். போன வருடம் பக்கத்து அறையில் மருந்து கலக்கும்போது வெடித்து, கூட வேலை பார்த்தவர்கள் இறந்துபோனார்கள். இவர் தீக்காயத்தோடு தப்பினார். காயம் ஆறிவிட்டது. ஆனால் குக்கர் விசில் அடித்தாலே தூக்கிவாரிப் போடுகிறது. தட்டு விழுந்தால் வாசலுக்கு ஓடுகிறார். ராத்திரி எழுந்து எழுந்து சிலிண்டரை மூடியிருக்கிறதா என்று பார்க்கிறார். கல்யாண வீட்டுக்குப் போனாலும் கதவோரம்தான் உட்காருவார். போன மாதம் மகன் பின்னால் வந்து விளையாட்டாகக் கத்த, திரும்பிய வேகத்தில் அவனை அறைந்துவிட்டு, அப்புறம் உட்கார்ந்து அழுதார். "ஆம்பளை இப்படிப் பயந்தா எப்படி" என்கிறார் மாமியார். தீபாவளி வேறு வருகிறது. என்ன செய்வது?
- வாசகி, சிவகாசி அருகே

பதில்: சகோதரி, உங்கள் கணவர் பயந்தாங்கொள்ளி இல்லை என்பதை முதலில் மாமியாருக்குச் சொல்லுங்கள். திடீர்ச் சத்தத்துக்கு உடம்பு துள்ளுவது மூளைத்தண்டின் வேலை. சத்தம் காதில் விழுந்து பத்தில் ஒரு பங்கு நொடி ஆவதற்குள் கண் மூடி, கழுத்து இறுகிவிடும்; 'அட, குக்கர்தானே' என்று புத்திக்கு எட்டுவது அதற்கு அப்புறம்தான். இது எல்லாருக்கும் உண்டு. சாவை நேரில் பார்த்துத் தப்பியவருக்கு, மூளையில் ஆபத்தைக் கண்காணிக்கும் அமிக்டலா என்ற பகுதி எந்நேரமும் உஷாராகவே இருந்து, அந்தத் துள்ளலைப் பல மடங்கு பெரிதாக்குகிறது. பிறவிக் கோழைத்தனமும் இல்லை. இஸ்ரேலில் விபத்துகளில் சிக்கியவர்களைத் தொடர்ந்து கவனித்து 2000-இல் ஓர் ஆய்வு வந்தது. முதல் வாரத்தில் எல்லாரும் ஒரே மாதிரிதான் துள்ளினார்கள். மன பாதிப்பு தங்கிவிட்டவர்களுக்கு மட்டும் ஒரு மாதம் கழித்து அது கூடியிருந்தது. பிறகு வந்து ஒட்டிக்கொண்டது என்றால், சிகிச்சையில் குறைக்கவும் முடியும்.

அதற்காக மகனை அடித்தது சரியாகிவிடாது. 'உன் மேல் தப்பில்லைடா' என்று அப்பாவே அவனிடம் சொல்லட்டும். பின்னாலிருந்து யாரும் அவரைத் தொட வேண்டாம், பேர் சொல்லிக் கூப்பிட்டு முன்பக்கமாகப் போங்கள். தூக்கத்திலிருந்து எழுப்புவதென்றால் தள்ளி நின்று குரல் கொடுங்கள்.

ஆனால் வீடு முழுக்க மூச்சுவிடாமல் இருக்காதீர்கள், அது பயத்துக்குத்தான் தீனி. விசில் வரப்போகிறது என்று முன்கூட்டியே சொல்லுங்கள்; முடிந்தால் அவரே குக்கரை வைத்து, அடுப்பு பக்கத்திலேயே நின்று, அவரே அணைக்கட்டும். சிலிண்டரைப் படுக்கும் முன் இருவரும் சேர்ந்து ஒரு தடவை பாருங்கள், அதோடு போதும். ஒவ்வொரு தடவை போய்ப் பார்க்கும்போதும் மனசு கொஞ்ச நேரம் அடங்கும், அந்த நிம்மதிதான் அடுத்த தடவையும் எழுப்பிவிடுகிறது.

பலரும் கோட்டைவிடுவது காதை. வெடிச் சத்தத்தில் செவிப்பறை கிழிந்திருக்கலாம், உள்ளே இரைச்சல் இருக்கலாம், சிலருக்குச் சாதாரணச் சத்தமே வலிக்கும். காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள்.

இந்த அறிகுறிகள் ஒரு மாதத்தைத் தாண்டினாலே பிடிஎஸ்டியா, அதாவது பெரிய அதிர்ச்சிக்குப் பிறகு தங்கிவிடும் மனநோயா, என்று பார்க்க வேண்டும். உங்களுக்கு ஒரு வருடம் ஆகிவிட்டது, இனியும் தள்ளிப்போடாதீர்கள். நடந்ததைப் பயிற்சி பெற்ற மனநல நிபுணரிடம் கொஞ்சம் கொஞ்சமாகப் பேசி, ஒதுக்கிவைத்த இடங்களுக்கும் சத்தங்களுக்கும் படிப்படியாகத் திரும்புகிற சிகிச்சைதான் முதல் மருந்து. செர்ட்ரலின் போன்ற மாத்திரைகளும் பலருக்கு உதவும். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு அல்பிரசோலம் என்ற பதற்றம் தணிக்கும் மாத்திரையை வாங்கிக் கொடுப்பதை மட்டும் செய்யாதீர்கள், அது பழக்கமாகிவிடும், இந்த நோயையும் குணப்படுத்தாது. சரக்கும் அப்படித்தான், அன்றைக்குத் தூங்க வைத்துவிட்டு மறுநாள் நரம்பை இன்னும் முறுக்கிவிடும். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போகலாம். அதற்கு முன் பேச வேண்டுமென்றால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, இலவசம், தமிழிலும் பேசலாம்.

தீபாவளிக்கு நம் மாநிலத்தில் சில வருடங்களாகக் காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8 என்றுதான் வெடிக்க அனுமதி தருகிறார்கள். எல்லாரும் அதை மதிப்பதில்லை என்றாலும், சத்தம் எப்போது அதிகம் என்று முன்பே தெரிந்திருப்பதே ஒரு தெம்பு. வீட்டில் இருப்பதா, வெடி குறைந்த ஊரில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போவதா என்பதை அவரே முடிவு செய்யட்டும். 'பழகிடும்' என்று சரவெடிக்கு முன்னால் நிறுத்துவது கொடுமை.

ஆலைக்குத் திரும்பிப் போகச் சொல்லியும் யாரும் நெருக்க வேண்டாம். குக்கருக்குப் பயப்படுவதைக் குறைக்கலாம். மருந்து கலக்கும் இடத்தில் ஆபத்து நிஜம், அங்கே அவர் உஷாராக இருப்பது நோயே இல்லை.

கேள்வி: இரண்டு வாரம் முன்பு பைக் விபத்து. லாரி ஹாரன் கேட்டால் உடம்பு நடுங்குகிறது. எனக்கும் இந்த நோயா?
- கல்லூரி மாணவர், திருச்சி

பதில்: இப்போதே அப்படிச் சொல்ல முடியாது தம்பி. முதல் சில வாரம் இப்படி இருப்பது சகஜம், பெரும்பாலோருக்குத் தானாகவே அடங்கும். தூக்கத்தைக் கெடுக்காதே, டீ காபியைக் குறை, பைக்கை அடியோடு ஒதுக்காமல் நண்பனோடு தெருவுக்குள் ஒரு சுற்று போய் வா. தலையில் அடிபட்டிருந்தால் மட்டும் முதலில் மருத்துவரிடம் கேட்டுக்கொள். மாதம் தாண்டியும் குறையாவிட்டாலோ, தூங்கவோ படிக்கவோ முடியாமல் போனாலோ, மனநல மருத்துவரைப் பார்.