சீட்டில் ‘அலர்ஜி’ என்று இருந்தால்: கேள்வி பதில்

42 வயதுப் பெண், பல்லில் சீழ். சின்ன வயதில் பெனிசிலின் ஊசி ஒத்துக்கொள்ளவில்லையாம். அதே வகையைச் சேர்ந்த அமாக்சிசிலின் தரலாமா டாக்டர்? (பயிற்சி மருத்துவர்)

எந்த மருந்து, போட்டு எவ்வளவு நேரத்தில், உடம்பில் என்ன தெரிந்தது, எப்படி அடங்கியது, அதன்பின் அதே வகை மருந்து சாப்பிட்டாரா என்று கேளுங்கள். பழைய மாத்திரை அட்டைகளைக் கொண்டுவரச் சொல்லுங்கள். அவற்றில் அமாக்சிசிலின் இருந்து, தொந்தரவின்றிச் சாப்பிட்டிருந்தால் சந்தேகம் அங்கேயே தீர்ந்தது.

இல்லையென்றால், பெனிசிலின் அலர்ஜி எவ்வளவு சாத்தியம் என்று கணிக்கும் பென்-ஃபாஸ்ட் மதிப்பெண் போடுங்கள். 5 ஆண்டுக்குள் நடந்தது என்றால் 2. அனாபிலாக்சிஸ் (திடீரென உடம்பு முழுக்கப் பரவி உயிருக்கே ஆபத்தாகும் அலர்ஜி), முக வீக்கம் அல்லது தோல் உரிதல் இருந்தால் 2. சிகிச்சை தேவைப்பட்டிருந்தால், அல்லது அது தெரியாவிட்டால், 1. மொத்தம் 3-க்குக் குறைவானால், தோல் உரிந்ததில்லை என்றால், ஆஸ்துமா கட்டுக்குள் இருந்தால், அட்ரினலினைக் கையருகில் வைத்துக்கொண்டு அமாக்சிசிலின் 250 அல்லது 500 மி.கி. வாயில் கொடுத்து ஒரு மணி நேரம் உட்கார வையுங்கள். பெனிசிலின் அலர்ஜி என்று எழுதப்பட்டவர்களைச் சோதித்தால் பத்தில் ஒன்பது பேருக்கு அது இருப்பதில்லை. ஒன்றும் ஆகவில்லையா, அந்த வரியைச் சீட்டிலிருந்து அடித்துவிடுங்கள். அடிக்காமல் விட்டால் அடுத்த மருத்துவர் மறுபடி வேறு மருந்துக்குத்தான் போவார்.

செஃப்ட்ரையாக்ஸோன் (கிருமிக்கொல்லி ஊசி) 1 கிராமை 10 மி.லி.யில் கலக்கி, 0.1 மி.லி. டெஸ்ட் டோஸ் போடுகிறோம். நிறையப் பேருக்குச் சிவக்கிறதே? (செவிலியர்)

அது மி.லி.க்கு 100 மி.கி.; அந்தச் செறிவே தோலை எரிச்சலூட்டும். மி.லி.க்கு 2 மி.கி. போதும். கலக்கியதில் 1 மி.லி. எடுத்து சலைன் சேர்த்து 50 மி.லி. ஆக்குங்கள். முதலில் முன்கையில் ஒரு துளி வைத்துக் குத்திப் பாருங்கள். அது நெகட்டிவ் ஆனால் மட்டுமே தோலுக்குள் 0.02 மி.லி. போடுங்கள். ஒப்பிட்டுப் பார்க்கப் பக்கத்தில் சலைன் ஒன்று, தோலைத் தடிக்க வைக்கும் ஹிஸ்டமின் குத்து ஒன்று. கொப்புளத்தின் விளிம்பைப் பேனாவால் சுற்றி வரைந்துவிடுங்கள். 20 நிமிடத்தில் அந்தக் கோட்டைத் தாண்டி, விட்டம் 3 மி.மீ.யாவது கூடி, சுற்றிலும் சிவந்தால்தான் பாசிட்டிவ். வெறும் சிவப்பு கணக்கில்லை. நோயாளி செட்ரிசின் போன்ற அலர்ஜி மாத்திரை சாப்பிட்டிருந்தால் ஒரு வாரம் கழித்தே செய்ய வேண்டும். ஹிஸ்டமின் குத்தும் தடிக்கவில்லை என்றால் பெரும்பாலும் அதுதான் காரணம்.

அலர்ஜி வரலாறே இல்லாதவருக்கு டெஸ்ட் டோஸ் வேண்டியதில்லை. நெகட்டிவ் வந்துவிட்டது என்று முழு டோஸ் போட்டதும் படுக்கையை விட்டு நகர்ந்துவிடாதீர்கள்.

டைக்ளோஃபெனாக் ஊசிக்கு உதடு வீங்கியது. வலிக்கு என்ன சாப்பிடலாம் டாக்டர்?

பரிசோதனை முடியும்வரை ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின், அசிக்ளோஃபெனாக் எதுவும் வேண்டாம். பாராசிட்டமால் 500 மி.கி. பெரும்பாலோருக்கு ஒத்துக்கொள்ளும். எட்டோரிகாக்சிப்பும் அப்படித்தான், ஆனால் முதல் மாத்திரையை மருத்துவமனையில் வைத்துச் சாப்பிடுங்கள். கடையில் பாராசிட்டமால் வாங்கும்போது அட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள். அசிக்ளோஃபெனாக் சேர்ந்த மாத்திரைகள் ஏராளம்.

வலிப்பு மருந்தான கார்பமசெபினால் ஸ்டீவன்ஸ்-ஜான்சன் (தோலும் வாயும் கொப்புளித்து உரியும் கடும் அலர்ஜி) வந்தவருக்கு, அதையே கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துப் பழக்கலாமா?

கூடவே கூடாது. மறுபடி ஒரு மாத்திரைகூட உயிருக்கு ஆபத்து. வேறு வலிப்பு மருந்துகளான ஃபெனிட்டாய்ன், ஃபீனோபார்பிட்டோனையும் தவிர்க்க வேண்டும்.

அனாபிலாக்சிஸ் என்றால் முதலில் அவில் (அலர்ஜி ஊசி), ஹைட்ரோகார்ட்டிசோன் (ஸ்டீராய்டு)தானே?

முதலில் அட்ரினலின். பெரியவருக்கு மி.லி.க்கு 1 மி.கி. ஆம்பியூலிலிருந்து 0.5 மி.லி., தொடையின் நடுவில் வெளிப்பக்கமாகத் தசையில். 15 கிலோ குழந்தைக்கு 0.15 மி.லி. 5 நிமிடத்தில் தெளியாவிட்டால் மறுபடி. படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சுத் திணறினால் உட்காரலாம், எழுந்து நிற்க மட்டும் விடாதீர்கள். அவில் அரிப்பைக் குறைக்கும், விழுந்த பி.பி.யைத் தூக்காது.

சீட்டில் ‘சல்ஃபா அலர்ஜி’ என்று எழுதினால் போதாதா?

போதாது. அந்த இரண்டு சொல்லைப் பார்த்து, நுரையீரலில் நீர் கோத்தவருக்கு, சல்ஃபா சாயல் உள்ளது என்று, நீரை வெளியேற்றும் ஃபுரோசமைடைக் கூடத் தயங்கி நிறுத்துகிறார்கள். அதற்குக் காரணமே இல்லை. எந்த சல்ஃபா மருந்து, என்ன ஆனது என்று இப்படி எழுதுங்கள்: “கோட்ரைமாக்ஸசோல் மாத்திரை, சாப்பிட்ட மறுநாள், கீழுதட்டில் வட்டமான கரும்படை, அதே இடத்தில் இரண்டாம் முறை, கொப்புளமோ காய்ச்சலோ இல்லை.”