மொட்டை மாடி வேலைக்குப் பணம் வாங்கிய காண்ட்ராக்டர் இப்போது போனையே எடுப்பதில்லை, என்ன செய்யலாம்?

60,000 ரூபாய் கொடுத்து வாட்டர் ப்ரூஃபிங் செய்தும் முதல் மழைக்கே ஒழுகுகிறது என்கிறீர்கள். படிக்கவே வயிறு எரிகிறது. இது சேவைக் குறைபாடு. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வரும்.

ரசீது இல்லையே என்று விட்டுவிடாதீர்கள். ஜிபேயில் பணம் அனுப்பிய விவரம், வாட்ஸ்அப்பில் வந்த கொட்டேஷன், ஒழுகும் வீடியோ எல்லாமே சான்றுதான். வேறு ஆளை வைத்துச் சரிசெய்வதற்கு முன்பே படமெடுத்து வையுங்கள். இங்கேதான் கோட்டை விட்டுவிடுவோம்.

15 நாள் கெடு வைத்து ஸ்பீட் போஸ்டில் நோட்டீஸ் அனுப்புங்கள். 1915 உதவி எண்ணிலும் புகார் சொல்லலாம். அப்படியும் அசையாவிட்டால், 2 ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போங்கள். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமே இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. அவர் வெளியூர்க்காரராக இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம்.